வீடு யாருக்குப் பக்கம்?

கணவனுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. மனைவிக்கு இன்னொரு பல்கலைக்கழகத்தில் வேலை. இரண்டும் வெவ்வேறு ஊர்.

குடியிருப்பது எந்த ஊரில்?

கல்யாணமான மறுமாதமே இந்தக் கேள்வி எழுகிறது. சில வீடுகளில் பத்து ஆண்டு ஆனாலும் தீர்வதில்லை.

பெண் பார்க்கும்போது பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். படிப்பு பார்க்கிறார்கள். சம்பளம் பார்க்கிறார்கள். "இரண்டு பேருக்கும் உத்தியோகம், கவலை இல்லை" என்று தாம்பூலம் மாற்றிக்கொள்கிறார்கள். பஸ் பொருத்தம் பார்ப்பவர் யாரும் இல்லை!

அந்தப் பொருத்தம் இல்லாமல் போனால் என்ன நடக்கும்? நான்கைந்து ஆண்டில் இருவரில் ஒருவர் வேலையை விட்டுவிடுவார். அந்த ஒருவர் யார் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் அது மனைவிதான்.

அவர் வேலையை விடவேண்டும் என்று யாரும் கட்டளையிட்டிருக்கமாட்டார்கள். மாமியார் சொல்லவில்லை. கணவன் சொல்லவில்லை. வீடு இருந்த இடம்தான் சொல்லிற்று.

ஊருக்குள் இருந்த கல்லூரி

திருச்சி தெப்பக்குளத்தின் அருகே இரண்டு பழைய கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்று, 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி. மற்றொன்று, 1923-ல் பெண்களுக்காகத் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரி. கணவன் ஒன்றிலும் மனைவி மற்றொன்றிலும் பாடம் நடத்தினால், மலைக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு போதும். காலையில் இருவரும் சேர்ந்தே நடந்து போகலாம். கடைவீதியும் பக்கம். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பக்கம்.

பிற்பாடு வந்த கல்வி நிலையங்கள் அப்படி அமையவில்லை. அவற்றுக்கு நூற்றுக்கணக்கில் ஏக்கர் நிலம் வேண்டியிருந்தது. ஊருக்குள் அவ்வளவு நிலம் ஏது? ஊரை விட்டு வெளியே வந்தன.

திருச்சியிலிருந்து தஞ்சைக்குப் போகும் சாலையே இதற்குச் சாட்சி. துவாக்குடியில் 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கிற்று. 2003-ல் அது தேசிய தொழில்நுட்பக் கழகமாக மாறிற்று. தஞ்சைக்கு மேற்கே, வல்லம் போகும் வழியில் தமிழ்ப் பல்கலைக்கழகம். அது 1981-ல் தோன்றியது. திருமலைசமுத்திரத்தில் சண்முகா பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1984-ல் கல்லூரியாகத் தொடங்கியது. வல்லத்தில் 1988-ல் பெண்களுக்கென்று ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. அதுதான் பெரியார் மணியம்மை பெயரால் வளர்ந்தது.

பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-ல் தோன்றியது. அதன் பல்கலைப்பேரூர் வளாகம் இந்தச் சாலையில் இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது.

கல்வி நிலையங்கள் வெளியே போய்விட்டன. ஆனால் வாடகை வீடும், நல்ல பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும், காய்கறிச் சந்தையும் ஊருக்குள்ளேயே இருந்துவிட்டன. இடையில் இருக்கும் தூரத்தைப் படித்த தம்பதிகள் தினமும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

மூன்று வீடு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவனுக்குப் பல்கலைப்பேரூரில் வேலை. மனைவிக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் வேலை. பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு குழந்தை.

இவர்கள் திருச்சி கே.கே.நகரில் வீடு பிடிக்கலாம். கணவனுக்குச் சுகம். புதுக்கோட்டைச் சாலை கிட்டத்தில்தான். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் புறப்படலாம். மனைவியின் பாடு வேறு. வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து தஞ்சைக்கு இன்னொரு பஸ். திருச்சிக்கும் தஞ்சைக்கும் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பல்கலைக்கழக வாசலில் இறங்கினாலும் பயணம் முடிந்துவிடாது. வளாகம் ஆயிரம் ஏக்கரை ஒட்டியது. வாசலிலிருந்து துறைக்குப் போய்ச் சேர இன்னும் நடை.

தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் வீடு பிடிக்கலாம். இப்போது மனைவிக்குச் சுகம். கணவன் விடிவதற்குள் எழுந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, இரண்டுக்கும் நடுவே திருவெறும்பூரிலோ துவாக்குடியிலோ வீடு பிடிக்கலாம்.

"அப்பாடா! அதுதானே நியாயம்? இருவருக்கும் பாதிப் பாதி" என்று தோன்றும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடு என்பதைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோக நேரும்.

கல் கணக்கும் கடிகாரக் கணக்கும்

சாலையோரத்துக் கல் ஒரு கணக்குச் சொல்லும். கடிகாரம் வேறொரு கணக்குச் சொல்லும்.

சொந்தமாக மோட்டார் சைக்கிள் உள்ளவருக்கு இருபது கிலோமீட்டர் அரை மணி. பஸ்ஸை நம்பியவருக்கு அதே இருபது கிலோமீட்டர் ஒரு மணியும் ஆகலாம், ஒன்றரை மணியும் ஆகலாம். காத்திருக்கும் நேரமும், இறங்கி ஏறும் நேரமும், நிற்காமல் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமும் எந்த மைல் கல்லிலும் எழுதியிருப்பதில்லை. செல்போன் வரைபடம் கூட அதைச் சொல்வதில்லை.

துவாக்குடியையே பார்க்கலாம். அதன் பக்கத்தில் தஞ்சைச் சாலையிலிருந்து பிரிந்து, மாத்தூரில் புதுக்கோட்டைச் சாலையைத் தொட்டு, மதுரைச் சாலையில் பஞ்சப்பூருக்குப் போகும் அரைவட்டச் சாலை ஒன்று இருக்கிறது. வண்டி வைத்திருக்கும் கணவன் திருச்சி நகர நெரிசலுக்குள் நுழையாமலே அந்த வழியில் புதுக்கோட்டைச் சாலைக்குப் போய்விடலாம். மனைவி தஞ்சைச் சாலையில் ஒரே பஸ்ஸில் கிழக்கே போகலாம். இந்தக் குடும்பத்துக்குத் துவாக்குடி பொருந்துகிறது. அது நடுவில் இருப்பதால் மட்டும் பொருந்தவில்லை. மனைவிக்கு மாறி ஏற வேண்டிய பஸ் இல்லை. கணவனுக்கு நெரிசல் இல்லை. அதனால் பொருந்துகிறது.

இதே குடும்பத்தில் வண்டி ஓட்டுபவர் மனைவியாகவும், பஸ்ஸில் போகிறவர் கணவனாகவும் இருந்தால் கணக்கு தலைகீழாகும். வேறு வீடுதான் பார்க்க வேண்டும்.

ரெயிலும் அப்படித்தான். திருச்சி–தஞ்சை ரெயில் பாதையில் திருவெறும்பூர், பூதலூர் போன்ற நிலையங்கள் இருக்கின்றன. சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸைவிடச் செலவு குறைவு. உட்கார இடம் கிடைத்தால் விடைத்தாள் கூடத் திருத்தலாம். ஆனால் எல்லா ரெயிலும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. தஞ்சை நிலையத்தில் இறங்கிய பிறகு ஊருக்கு மேற்கே இருக்கும் வளாகத்துக்கு வந்த வழியே திரும்பிவர வேண்டும்.

கட்டணத்திலும் ஒரு கணக்கு உண்டு. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணம் வந்தது. அது சாதாரண நகர பஸ்களுக்கு வந்த சலுகை. ஊர் விட்டு ஊர் போகும் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். வீடு நகர பஸ் எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது மாதக் கடைசியில் தெரியும்.

ஒரு நாளுக்கு ஒன்றரை மணி

போக முக்கால் மணி அதிகம். வர முக்கால் மணி அதிகம். "இது ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஆண்டுக்கு 200 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மணி வீதம் 300 மணி ஆகிறது. விழித்திருந்து வேலை செய்யும் நேரம் நாளுக்கு 12 மணி என்றால், அது 25 முழு நாட்கள்! ஆண்டுதோறும் ஒரு மாதத்தைச் சாலையில் கொட்டிவிட்டு வருவது போல.

ஆசிரியர் வேலையில் அந்த நேரத்துக்கு விலை உண்டு. மறுநாள் பாடத்துக்குப் படிக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்த வேண்டும். மாலை நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் நூல்நிலையத்தில் எப்படி உட்காருவார்? பதவி உயர்வுக்கு மனுப்போடும் நாளில், "இவர் ஏன் குறைவாக எழுதியிருக்கிறார்?" என்று கேட்பார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே கழித்த 25 நாளை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

அடுப்பு யாருக்கு?

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. வீடு பார்க்கும்போது அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நாட்டு மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம்தான்.

ஏறக்குறைய ஐந்து மணி ஒரு பக்கம். ஒன்றரை மணிக்குச் சற்று அதிகம் மறுபக்கம்.

இப்போது கே.கே.நகர் வீட்டை மறுபடியும் பார்க்கலாம். கணவன் மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். முகம் கழுவிக்கொண்டு பத்திரிகையை விரிக்கிறான். மனைவி ஏழரைக்கு வருகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போகிறாள். முதலில் வந்தவருக்குக் காபி போடுகிறவர், கடைசியில் வந்தவர்!

அந்த வீட்டில் தவறு வீட்டின் மேலா? கே.கே.நகர் மேலா? பஸ் மேலா? எதுவும் இல்லை. வீடு ஒருவருக்குப் பக்கமாகவும், அடுப்பு மற்றவருக்குப் பக்கமாகவும் இருப்பதுதான் தவறு.

ஆகவே ஒரு சட்டம் செய்துகொள்ளலாம். வீடு யாருக்குப் பக்கமோ, அடுப்பும் அவருக்குப் பக்கம்!

கணவனின் வேலைக்கு அருகில் வீடு பிடித்தால், குழந்தையைப் பள்ளியில் கொண்டுவிடுவதும், அழைத்துவருவதும், இரவுச் சாப்பாட்டுக்கு உலை வைப்பதும் கணவனின் பொறுப்பு. மனைவியின் வேலைக்கு அருகில் பிடித்தால் அவை மனைவியின் பொறுப்பு. பக்கத்தில் இருக்கும் சுகத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதால் வரும் வேலையை மற்றவர் தலையில் கட்டக்கூடாது.

இந்தச் சட்டம் செய்துகொண்ட குடும்பத்தில் எந்த ஊர் என்ற சண்டை பாதி குறைந்துவிடும். "எனக்குப் பக்கமாகப் பார்" என்று கேட்பவர், கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார்!

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்

நடுவில் வீடு பிடிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பகல் பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வருகிறது. குழந்தைக்குக் காய்ச்சல். தாய் ஒரு மணி தூரத்தில் இருக்கிறாள். தகப்பனும் ஒரு மணி தூரத்தில் இருக்கிறான். இருவரும் சமம்தான். ஆனால் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்?

சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இருவரில் ஒருவராவது அரை மணி நேரத்தில் வந்துசேரும்படி இருக்கவேண்டும். அல்லது நம்பிக்கையான பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும். பாட்டி தாத்தா கூட இருந்தால் நடுவீடு நன்றாக நடக்கும். அவர்கள் இல்லாத வீட்டுக்கு நடு ஆகாது. அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்த கதையாகிவிடும்.

சிலர் இரண்டு வீடு வைத்துக்கொள்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கு ஓர் ஊர். சனி, ஞாயிறு சேர்ந்திருப்பது. ஊர்கள் வெகுதூரம் என்றால் வேறு வழியில்லை. ஆனால் இரட்டை வாடகை, இரட்டைப் பால், இரட்டை மின்சாரம் எல்லாம் வரும். குழந்தை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் இருப்பவர் ஐந்து நாளும் தாயும் தகப்பனும் தாமே ஆகவேண்டும். தூரம் 50, 60 கிலோமீட்டர்தான் என்றால், இந்த முடிவுக்குப் போகுமுன் பத்துத் தடவை யோசிப்பது நல்லது.

அட்வான்ஸ் கொடுக்குமுன்

வீட்டை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறார்கள். சாலை காலியாக இருக்கும். காற்று வரும். தண்ணீர் வரும். அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். திங்கட்கிழமைதான் தெரியும் சங்கதி.

வீட்டைத் திங்கட்கிழமை பார்க்கவேண்டும். அந்த வீட்டு வாசலிலிருந்து காலை வேளையில் கணவன் ஒரு முறையும், மனைவி ஒரு முறையும் தத்தம் வேலைக்குப் போய்ப் பார்க்கவேண்டும். மாலையில் அதேபோல் திரும்பி வரவேண்டும். ஐப்பசி மழையில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. அந்தத் தெருவில் இருந்து வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைக் கேட்டால் உண்மை தெரியும். நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா, இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் ஆள் நடமாட்டம் உண்டா என்பதையும் அவர் சொல்லுவார்.

சாலையைக் கடப்பது எப்படி என்றும் பார்க்கவேண்டும். திருச்சி–தஞ்சை நான்குவழிச் சாலையில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். வேகமாகப் போகும் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர்களின் பயம் அந்தக் குரலில் இருந்தது. தூரம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. வழி பத்திரமாகவும் இருக்கவேண்டும்.

வேலை நிரந்தரமாகும் வரை சொந்த வீடு வாங்க அவசரப்படக்கூடாது. தற்காலிக விரிவுரையாளராக இருப்பவருக்கு அடுத்த ஆண்டு அதே கல்லூரியில் வேலை உண்டா என்பது யாருக்குத் தெரியும்? இருபது ஆண்டுக் கடனில் வாங்கிய வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பஸ் நிலையமே இடம் மாறுகிறது! திருச்சிக்குப் பஞ்சப்பூரில் 2025-ல் புதிய பஸ் முனையம் திறந்தார்கள். பழைய நிலையத்தை நம்பி வீடு பிடித்தவர்கள் பயணக் கணக்கை மறுபடியும் போட வேண்டியதாயிற்று. வாடகை வீட்டுக்காரர் வீட்டை மாற்றிக்கொள்ளலாம். சொந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்?

நிர்வாகத்தின் பங்கு

எல்லாப் பாரத்தையும் குடும்பத்தின் மேலேயே போடுவதும் நியாயமாகாது.

கணவனும் மனைவியும் கூடியமட்டும் ஒரே ஊரில் வேலை பார்க்க வழி செய்யவேண்டும் என்று மத்திய அரசு தன் ஊழியர்களைப் பற்றி 2009 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது. குடும்ப வாழ்க்கையும் பிள்ளைகளின் படிப்பும் கெடக்கூடாது என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்து ஆசிரியரை இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு அப்படி மாற்றிவிட முடியாது. ஒவ்வொன்றும் தனித்தனி நிர்வாகம்.

மாற்ற முடியாவிட்டாலும் செய்யக்கூடியவை உண்டு. தூரத்திலிருந்து வருகிறவருக்கு முதல் மணி வகுப்பைத் தவிர்த்துப் பாட அட்டவணை போடலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை. வளாகக் குடியிருப்புகளை ஒதுக்கும்போது, வேறு ஊரில் வேலை பார்க்கும் துணைவர் இருப்பதையும் சிறு குழந்தை இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பஸ் புறப்படும் நேரத்தைக் கல்லூரி விடும் நேரத்தோடு பொருத்தும்படி போக்குவரத்துக் கழகத்தைக் கேட்கலாம்.

50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் திருத்தம் வந்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. நல்ல காப்பகம் உள்ள வளாகத்துக்குப் பக்கத்தில்தான் வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம். அங்கே வேலை பார்ப்பவர் தகப்பனாக இருந்தால் அவருக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும். குழந்தை இருவருக்கும் பொதுதானே!

கடைசிக் கேள்வி

வாடகை, தண்ணீர், காற்று, பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கக் கை நீளும்போது கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

"இந்த வீட்டில் குடியிருந்தால், ஐந்து ஆண்டு கழித்தும் இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்போமா?"

இருவரும் தயங்காமல் "ஆம்" என்றால், அது நல்ல வீடு. அது திருச்சியில் இருந்தாலும் சரி, தஞ்சையில் இருந்தாலும் சரி, துவாக்குடியில் இருந்தாலும் சரி.

ஒருவர் உடனே "ஆம்" என்று சொல்லி, மற்றவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டம் வாங்கப் பத்து ஆண்டு படித்த படிப்பு அந்த மௌனத்துக்குப் பின்னால் நிற்கிறது.

வேறு வீடு பார்க்கலாம். அல்லது அந்த வீட்டையே பிடித்து, பக்கத்தில் இருப்பவர் அடுப்பைப் பற்றவைக்கலாம்.